பேர் ரிப்பேர்

சோபா தைக்கிற பட்டறையில் ராக் பாட்டுப் பதிவு செய்யலாமா என்று யாராவது கேட்டால், அதைவிட நல்ல இடம் கிடையாது என்று நான் அடித்துச் சொல்வேன். மூன்று சுவரிலும் ஆளுயர ஃபோம் பலகைகள் சாய்ந்திருக்கும். நாலாவது சுவரில் ரெக்சின் சுருள்கள். கைதட்டினால் சத்தம் கையை விட்டு நகராது. பணக்காரப் பாடகர்கள் இப்படி ஓர் அறை கட்ட சொத்தை விற்கிறார்கள். எங்களுக்கு அது பாப்பாவின் வீட்டுக்குப் பின்னாலேயே சும்மா இருந்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்.

எதிரிகள் இரண்டு பேர். ஒன்று, ஸ்டேப்ளர் துப்பாக்கிக்குக் காற்றடிக்கிற கம்ப்ரசர். காற்று குறைந்தால் யாரையும் கேட்காமல் தானே உறும ஆரம்பிக்கும். மூன்றாவது பாட்டில் அது சரியாகச் சுருதியோடு சேர்ந்து உறுமியதால் அப்படியே விட்டுவிட்டோம். இன்னொன்று, மழை. கூரை தகரம். தூறல் விழுந்தாலே வாத்தியங்களை வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம்.

பாப்பாவுக்கு முப்பது வயதாகப் போகிறது. பாட்டெழுதி, மெட்டுப் போட்டு, கிடார் வாசித்து, கரகரத்த குரலில் பாடுவாள். மற்ற நாட்களில் அதே பட்டறையில் அப்பாவுக்குத் துணி வெட்டிக் கொடுப்பாள். வெட்டும்போது வரி தோன்றினால் கையிலிருக்கிற சாக்கட்டியால் பக்கத்திலிருக்கிற ஃபோமில் எழுதிவிடுவாள். அப்படி எழுதிய ஒரு பல்லவி, படியெடுப்பதற்குள் தைக்கப்பட்டு, இப்போது யாரோ ஒருவர் வீட்டில் மூன்று பேர் உட்காரும் சோபாவுக்குள் இருக்கிறது. அந்த வீட்டுக்காரர் தினமும் அதன் மேல் உட்கார்ந்து செய்தி பார்க்கிறார்.

டிரம்ஸ் வாசிப்பவன் பேர் இடி. அவன் அம்மாகூட அப்படித்தான் கூப்பிடுகிறாள். பேஸ் கிடார் நான். பாப்பாவின் அம்மாவுக்கு என் மேல் ஒரே ஒரு குறை. "இந்தத் தம்பியும் பாவம் விரல் நோக வாசிக்குது. ஒண்ணுமே கேக்கமாட்டேங்குது" என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. எங்கள் முதல் ஆல்பத்தில் எல்லாப் பாட்டும் முடிந்து கடைசிப் பாட்டுக்குக் குரல் மட்டும் பாக்கி. அம்மா டீயும் முட்டை வைத்த ரொட்டியும் கொண்டுவந்து கட்டிங் மேஜையில் வைத்தார். மூலையில் அப்பா ஒரு நாற்காலிக்கு மேல் குனிந்து, குறடால் துணியை இழுத்துப் பிடித்துச் சின்னச் சுத்தியால் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் பதிவு செய்கிற நாளில் அவர் ஸ்டேப்ளர் துப்பாக்கியைத் தொடமாட்டார். சுத்தியைக்கூட நாங்கள் நிறுத்தும்போதுதான் எடுப்பார்.

"புள்ள பொறக்கப்போகுது, இன்னும் பேர் வைக்கலையே" என்றார் அம்மா.

"வெச்சாச்சும்மா. என் பேர்தான்."

"உன் பேர்னா?"

"பாடறவங்க பேரையே ஆல்பத்துக்கு வைக்கிறது. முதல் ஆல்பத்துக்கு நெறைய பேர் அப்படித்தான் வைப்பாங்க. இதுதான் நான், கேட்டுக்கோங்கன்னு அர்த்தம்."

அம்மா யோசித்தார். "பாப்பான்னு வெச்சா, கொழந்தைங்க பாட்டுன்னு நெனச்சுக்க மாட்டாங்களா?"

"அம்மா. என் நெசப் பேரும்மா."

சுத்தியல் நின்றது. "அது கடைப் பேராச்சே" என்றார் அப்பா.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பாப்பாவின் நிஜப் பேர்தான் கடைக்கும் பேர். வாசல் போர்டில், பில்லில், சோபாவுக்கு அடியில் தைக்கிற துணிப் பட்டையில் எல்லாம் அதுதான். மொத்த வியாபாரிகளுக்கு அப்பாவின் சொந்தப் பேர் தெரியாது. ஃபோம் கொண்டுவருகிறவர் மகள் பேரைச் சொல்லி, கூட ஓர் அண்ணே சேர்த்துத்தான் கூப்பிடுவார். மீசை வைத்த மனிதர், பெண்பிள்ளைப் பேருக்கு "சொல்லுப்பா" என்று திரும்பிப் பார்ப்பார். பாப்பாவையோ வீட்டில் பாப்பா என்றார்கள், பள்ளிக்கூடத்தில் சோபா என்றார்கள். அந்தப் பேரைச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

"அது என் பேருப்பா" என்றாள் பாப்பா.

"உன் பேர்தான். யாரு இல்லேன்னா? ஆனா அந்தப் பேர நம்பி ஊர்ல எத்தன பேரு உக்காந்திருக்கான் தெரியுமா? நீ பாட்டுக்கு அதுல கத்தி வெச்சு, எவனாவது காறித் துப்பினா, பேர் ரிப்பேர் ஆயிடும்."

"ரிப்பேர் பண்றதுதான உங்க தொழிலு."

இடி ரொட்டியை விழுங்க முடியாமல் இருமினான்.

"பேர் சொல்ற புள்ளைன்னு சொல்லுவாங்க" என்று அப்பா அம்மாவிடம் முறையிட்டார். "இது பேரையே தூக்கிட்டுப் போற புள்ளையா இருக்கு."

"ஏங்க, வேணுங்கறவங்களுக்கு ஒரு துண்டு சாம்பிள் துணி குடுக்கறோம்ல. அது மாதிரி ஒரு பாட்ட மட்டும் விட்டுப் பாக்கட்டும். பேர் கெடுதா இல்லையான்னு பாத்துட்டு அப்புறம் பேசலாம்" என்றார் அம்மா.

இது இரண்டு பேருக்கும் நியாயமாகப் பட்டது. அந்த வாரமே ஒரு பாட்டை அந்தப் பேரிலேயே இணையத்தில் விட்டோம்.

நாலு பேர் கேட்பார்கள் என்று நினைத்தோம். நாற்பது பேருக்கு மேல் கேட்டார்கள். கேட்டவர்கள் அந்தப் பேரைப் போட்டுத் தேடினார்கள். தேடினால் முதலில் கடையின் பக்கம் வந்தது. நம் ஆட்களுக்குத்தான் எங்கே எழுதுகிறோம் என்று பார்க்கிற வழக்கம் கிடையாதே. பாட்டுக்கு எழுத வேண்டியதைக் கடைக்கு அடியில் எழுதினார்கள். கடையில் சோபா வாங்கியவர்கள் பாட்டுக்கு அடியில் எழுதினார்கள்.

பாட்டுக்கு அடியில் ஒரு அம்மாள்: "மூணு வருஷமாச்சு. இன்னும் அமுங்கல. பசங்க மேல ஏறிக் குதிக்கறாங்க, ஒண்ணும் ஆகல. தைரியமா வாங்கலாம்."

கடைக்கு அடியில் ஒரு பையன்: "ஆரம்பத்துல சத்தமா இருக்கு, போகப் போகப் பழகிடுது. ராத்திரி பூரா இதுலதான் கெடந்தேன்."

அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். ஃபோம்காரரிடம் போனை நீட்டி, "பாருய்யா, ராத்திரி பூரா இதுலதான் கெடந்தானாம்" என்றார்.

"எந்த மாடல்ண்ணே, அந்த சாயற மாடலா?"

"இருக்கும்."

இப்படியே போயிருந்தால் பாப்பாவுக்கு அவள் பேர் கிடைத்திருக்கும். ஆனால் எவனோ ஒருவன் கடைக்கு அடியில் நாலே வார்த்தை எழுதினான்: "நல்லாதான் இருக்கு. நடுவுல தொய்வு."

சோபா வாங்குகிறவர்கள் எதையும் மன்னிப்பார்கள். நிறம் மாறி வந்தால், ஒரு வாரம் தாமதமானால், கால் ஒன்று குட்டையாக இருந்தால்கூட ஒரு அட்டைத் துண்டை மடித்து வைத்துக்கொள்வார்கள். நடுவில் தொய்ந்தால் மட்டும் மன்னிப்பே கிடையாது. அதற்காகத்தான் அவர் அடியில் நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகப் பாய் மாதிரி பின்னுவார். ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் கையால் அழுத்திப் பார்ப்பார். கடைசியில் அவரே நடுவில் தொப்பென்று உட்கார்ந்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் எதையோ காது கொடுத்துக் கேட்பார்.

மறுநாள் பல் டாக்டர் போன் செய்தார். அவருடைய ஆஸ்பத்திரியில் நோயாளிகள் காத்திருக்கிற கூடம் முழுவதற்கும் சோபா சொல்லியிருந்தார். முதல் சோபா ரெக்சின் போர்த்தி பட்டறையில் தயாராக நின்றது.

"நடுவுல தொய்வுன்னு போட்டிருக்காங்களே" என்றார் டாக்டர். "என்கிட்ட வர்றவங்க ஏற்கெனவே வலியோட வர்றவங்க."

அப்பா, "நீங்களே நேர்ல வந்து உக்காந்து பாருங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். பிறகு எங்களைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இடி குச்சிகளைப் பைக்குள் போட்டுவிட்டான்.

"என் கையால செஞ்சதுல தொய்வுன்னு இதுவரைக்கும் ஒருத்தன் சொன்னது கெடையாது."

"அது பாட்டுக்குச் சொன்னதுப்பா. எடம் மாத்தி எழுதிட்டான்" என்றாள் பாப்பா.

"பாட்டுக்குன்னா சரியாப் போச்சா? பாட்டுல மட்டும் தொய்வு இருக்கலாமா? போடு அத. எங்க இருக்குன்னு பாப்போம்."

பல் டாக்டரின் சோபாவில் அப்பா நடுவில் உட்கார்ந்தார். நான் போட்டேன். தொய்வு தேடுகிற எல்லோரும் செய்வதை அவரும் செய்தார்: கண்ணை மூடி, உள்ளங்கையைத் தொடையில் வைத்து, பாரம் எங்கே இறங்குகிறது என்று பார்த்தார். முதல் சரணம் போயிற்று. இரண்டாவது போயிற்று. அடுத்து எல்லா வாத்தியமும் அடங்கி ஒன்று மட்டும் மெதுவாக நடக்கிற இடம் வந்தது. அப்பாவின் கை உயர்ந்தது.

"இங்கதான். இந்த எடத்துல கொஞ்சம் எறங்குது பாப்பா. அவன் சொன்னது சரிதான்."

"ஆமா, இது அந்தத் தம்பி தனியா வாசிக்கிற எடம்ல?" என்றார் அம்மா. "ஒருவழியா கேக்குதேன்னு நானே சந்தோஷப்பட்டேன்."

இப்படியாக, அந்தக் குடும்பத்தின் தொய்வு நான்தான் என்று முடிவாயிற்று. நான் ஸ்டேப்ளர் முள் பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

அப்பா எழுந்தார். "சாம்பிள் பாத்தாச்சு. பேர் வேணாம். வேற எதையாவது வை. மழை, வெயில், ரோஜா, ராஜா, என்ன வேணா வை."

"வைக்க மாட்டேன். அது ஒண்ணுதான்பா எனக்குன்னு இருக்கறது. வீட்ல பாப்பா. வெளியில போனா, சோபாக்காரர் பொண்ணு. அந்தப் பேர்ல நான் ஒரு தடவையாவது இருந்து பாக்கறேனே. நீங்க உங்க பொண்ணு பொறந்தான்னு ஆசைப்பட்டு அவ பேர கடைக்கு வெச்சீங்க. நல்ல விஷயம். அதுக்காகப் பேரு கடைக்கே சொந்தமாயிடுமா?"

"அப்படிச் சொல்லு" என்றான் இடி, மெதுவாக.

"கடைக்கு எங்க வெச்சாரு?" என்று அம்மா டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார். "போர்டு வந்ததுக்கப்புறம்தானே நீ வந்த."

அந்த நேரம் பார்த்துக் கம்ப்ரசர்கூட உறுமவில்லை.

"என்னம்மா சொல்ற?"

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா குறடைப் பார்த்தார்.

"போர்டு எழுதறவர்தான் இந்தப் பேரச் சொன்னாரு" என்றார் அம்மா. "எழுத்து கம்மி, தூரத்துலேருந்து பளிச்சுன்னு தெரியும்னு. கடை தொறந்து ஒரு மாசம் கழிச்சு நீ பொறந்த. என்ன பேர் வைக்கலாம்னு கேட்டேன். இவரு வாசல் பக்கம் பாத்தாரு. அதான் எழுதியே வெச்சிருக்கோமேன்னாரு."

"நல்ல பேருதான" என்றார் அப்பா, தரையிடம்.

"அப்ப நான் கிளை" என்றாள் பாப்பா. "தலைமைக் கடை அது. நான் அதோட கிளை."

யாரும் சிரிக்கவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் இடி சிரித்துவிட்டான். அதைப் பார்த்து எனக்கும் அடக்க முடியவில்லை. பாப்பா மைக்கைக் கழற்றி, ஒயரைச் சுற்றி, ஃபோம் மேல் வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

அதற்கப்புறம் அந்த வாரம் முழுக்க அவள் பாடவில்லை. துணி வெட்டினாள், சாப்பிட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் ஃபோமில் ஒரு வரிகூட எழுதவில்லை. வெள்ளைப் பலகைகள் சாக்கட்டிக் கறை இல்லாமல் வந்த மாதிரியே தையலுக்குப் போயின. அப்பா அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கடைசிப் பாட்டை முடித்து, ஆல்பத்தை வெளியிடுகிறவர்களுக்குப் பேரோடு அனுப்ப வேண்டிய நாள் நெருங்கியது. நாங்கள் நினைவூட்டினோம். "பேரில்லாமலே அனுப்பிடறேன்" என்றாள். "இல்லேன்னா அனுப்பவே வேணாம். ஊர் பேர் தெரியாதவ பாடினதா இருக்கட்டும்."

அப்பாவுக்கு இது உறைத்திருக்க வேண்டும். சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தாராம்.

"கடைப் பேர மாத்திடலாமான்னு பாக்கறேன்."

"என்னன்னு மாத்துவீங்க?" என்று அம்மா கேட்டார்.

"என் பேர் வெச்சா எவனுக்கும் தெரியாது. எனக்கே யாரையோ கூப்பிடற மாதிரி இருக்கும். உன் பேர் வைக்கலாம்ல?"

அம்மா கரண்டியைச் சட்டியில் வைத்தார். "என் பேர் மேல ஊர்ல இருக்கறவன் எல்லாம் வந்து உக்காரணுமா? நல்லா இருக்குங்க."

பேர் மாற்றும் யோசனை அதோடு முடிந்தது. இதை எங்களிடம் சொன்னபோது பாப்பா லேசாகச் சிரித்தாள். உடனே நிறுத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பாடியே தீர வேண்டும் என்று நானும் இடியும் போனோம். மழை பிடித்துக்கொண்டது. தகரம் கொட்டு கொட்டென்று கொட்டியது. பாடுகிற பேச்சே இல்லை. பாப்பா வாழை இலை நிறத்து ரெக்சின் ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தாள். அப்போது பல் டாக்டர் குடையோடு வந்து சேர்ந்தார். அவரைப் பார்த்ததும் பாப்பா கத்தரியை வைத்துவிட்டு, எங்கள் யாரையும் பார்க்காமல், முற்றம் தாண்டி அடுக்களைக்குப் போய்விட்டாள்.

"உக்காருங்க சார். நடுவுல. நல்லா தொப்புன்னு உக்காருங்க" என்றார் அப்பா.

டாக்டர் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் சாய்ந்து பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு" என்றார். "அப்புறம் ஏன் அப்படி எழுதினான்?"

"அது சோபாவுக்கு எழுதினது இல்ல சார். பாட்டுக்கு எழுதினது."

"என்ன பாட்டு?"

"இதே பேர்ல ஒரு பாட்டு வந்திருக்கு."

"அட, அவ்வளவுதானா" என்று டாக்டர் நிம்மதியாகச் சிரித்தார். "பாட்டுதான் தொய்வா? நான் பயந்தே போயிட்டேன். யாரோ என்னமோ கத்தியிருப்பாங்க. நமக்கென்ன. அத விடுங்க."

விட்டிருக்கலாம். ஆர்டர் கைக்கு வந்துவிட்டது. சோபா மேல் பழியில்லை என்று வாடிக்கையாளர் வாயாலேயே வந்துவிட்டது. சேர்ந்து சிரித்தால் வேலை முடிந்தது. அப்பாவும் சிரிக்கத்தான் போனார், பாதி வரைக்கும் போனார்.

"யார் சார் தொய்வுன்னு சொன்னது?" என்றார்.

"நீங்கதான் இப்ப..."

"எழுதினவன் சொன்னான். நீங்க கேட்டீங்களா? உக்காந்து பாக்காம சோபா நல்லா இல்லைன்னு நான் ஒத்துப்பேனா? தம்பி, அதப் போடு. சத்தமா வை, மழை அடிக்குது."

நான் போட்டேன். டாக்டர் எழுந்திருக்கப் பார்த்தார். அப்பா முன்னால் நின்றிருந்தார், கையில் குறடு. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் கிடப்பது எப்படி இருக்கும் என்று அந்த மனிதருக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

அந்த இடம் வந்தது. எல்லாம் அடங்கி, என் பேஸ் மட்டும் மழைக்கு அடியில் நடந்தது. நான் தகரத்தை அண்ணாந்து பார்த்தேன்.

"இதத்தான் தொய்வுங்கறான்" என்றார் அப்பா. "இது தொய்வு இல்ல சார். அமுங்கி எழும்புது. நல்லாக் கேளுங்க, எழும்புதா? உக்காந்தா அமுங்கணும், எழுந்தா எழும்பணும். அமுங்கவே கூடாதுன்னா நீங்க பலகைலதான் உக்காரணும்."

போன வாரம் கையைத் தூக்கி, இங்கே இறங்குகிறது என்று சொன்ன அதே மனிதர். இடி என்னைப் பார்த்தான். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

டாக்டர் உண்மையாகவே கேட்டார் என்றுதான் நினைக்கிறேன். பாட்டில் குரல் திரும்ப வந்தபோது அவருடைய கால் ஒன்று தானாக ஆடியது. "யாருங்க பாடறது? கடைப் பேர்லயே பாடறாங்க?"

"கடைப் பேரு இல்ல சார். எம் பொண்ணு பேரு." அப்பா கொஞ்சமும் கூசாமல் சொன்னார். "அவ பேரத்தான் எடுத்துக் கடைக்கு வெச்சேன். பாட்டு இன்னும் நெறைய இருக்கு. எல்லாத்துக்கும் சேத்து அவ பேருதான் வருது. இருங்க, வரச் சொல்றேன்."

அப்பா கதவருகே போய் அடுக்களைப் பக்கம் பார்த்து வாயைத் திறந்தார். பா என்று வந்தது. நிறுத்திக்கொண்டார். திரும்பி டாக்டரை ஒருமுறை பார்த்தார். பிறகு முற்றத்தில் இறங்கி, மழையில் நின்று, அந்தப் பேரைச் சத்தமாகச் சொல்லிக் கூப்பிட்டார். முழுப் பேர். நான் அவர் வாயிலிருந்து அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை. புதிதாக வாங்கிய சாமானைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி, எங்கே பிடிப்பது என்று தெரியாமல் கூப்பிட்டார்.

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது.

"பாப்பா, யாரோ கடையத் தேடி வந்திருக்காங்க பாரு" என்றது மழைச் சத்தத்துக்கு நடுவே அம்மாவின் குரல்.

அடுக்களை ஜன்னலிலிருந்து, வெளியே பார்க்காமலே, பாப்பா குரல் கொடுத்தாள்: "கடை பின்னாடிங்க. அப்படியே சுத்தி வாங்க. அப்பா அங்கதான் இருக்காரு."

அப்பா நெற்றித் தண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியும். கடைய இல்ல" என்றார். "உன்னத்தான் கூப்பிட்டேன்."